கட்டைப்பைக்குள் ஒரு கணக்கு

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, மதுரை, கோவை மாநகராட்சிகளில் ஞாயிறு காலை 6 மணி முதல் புதன் இரவு 9 மணி வரை முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. கடைகள் திறக்காது. நடமாடும் காய்கறி வண்டிகளுக்கு அனுமதி உண்டு என்று அதே அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. ‘நாலு நாள் கடை கிடையாது’ என்ற செய்தி தெருவில் பரவிய வேகத்தில் அந்த வரி காணாமல் போனது. இடையில் மிஞ்சியது ஒரு சனிக்கிழமை.

“வெங்காயமும் தக்காளியும் ரெண்டு நாளைக்குத்தான் வரும். நாளைக்குக் காலையில போயிட்டு வந்துடேன்பா” என்றார் அம்மா. அவருக்கு அப்போது வயது 75. எனக்கு 45. மடித்து வைத்திருந்த கட்டைப்பையை எடுத்து வாசல் கதவில் மாட்டிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. போவது சரியா, போகாமல் இருப்பது சரியா? இரண்டுக்கும் காரணம் சொல்ல முடிந்தது. எந்தக் காரணத்துக்கு எடை அதிகம் என்றுதான் தெரியவில்லை.

அந்த இரவுக் கேள்விக்குள் இரண்டு புதிர்கள் இருந்தன. நாட்டில் பண்டம் இருக்கும்போது கடையில் எப்படி இல்லாமல் போகிறது என்பது ஒன்று. ஒரு தனி மனிதர், ஒரு தடவை கடைக்குப் போவதில் இருக்கும் ஆபத்தை எப்படி அளப்பது என்பது இன்னொன்று. இவை இரண்டும் தனித்தனிப் புதிர்கள் அல்ல, ஒன்றுக்குள் ஒன்று இருப்பவை என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

முதல் புதிரிலிருந்து தொடங்குவோம். அந்த வசந்த காலத்தில் இந்தியாவில் உணவுத் தட்டுப்பாடு இல்லை. மத்திய அரசின் கிடங்குகளில் அரிசியும் கோதுமையும், கையிருப்பாக வைத்திருக்க வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தன. டீக்கடையும் உணவகமும் மூடியதால் பால் மிஞ்சியது. பால் நிறுவனங்கள் மிச்சத்தைப் பவுடராக்கின. வாங்க ஆளில்லாமல் வயலிலேயே தக்காளி அழுகியது. அதே நாள்களில் நகரத்து மளிகைக்கடையில் பருப்பு டப்பா காலி.

ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 100 வீடுகள். வீட்டுக்கு வாரம் அரைக் கிலோ துவரம் பருப்பு. ஆக, வாரத்துக்கு 50 கிலோ. தெருமுனை அண்ணாச்சி கடையில் 75 கிலோ இருக்கிறது. சாதாரண வாரத்தில் எல்லோரும் வாங்கியது போக 25 கிலோ மிஞ்சும். அடுத்த மூட்டை வருவதற்குள் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இப்போது ஒவ்வொரு வீடும் ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று ஓர் அரைக் கிலோ கூடுதலாக வாங்குகிறது. யாரும் பதுக்கவில்லை, யாருக்கும் பேராசை இல்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு கிலோ என்று ஆனதும் 75 வீட்டோடு பருப்பு தீர்ந்துவிடுகிறது. மிச்சமுள்ள 25 வீட்டுக்காரர்கள் வெறுங்கையோடு அடுத்த தெருக் கடைக்கு ஓடுகிறார்கள். ஓடுகிறவர்களைப் பார்த்து அந்தத் தெருவும் பையை எடுக்கிறது.

வங்கி திவாலாகப்போகிறது என்ற வதந்தி ஒரு நல்ல வங்கியையே கவிழ்த்துவிடுவது இப்படித்தான். எல்லோரும் ஒரே நாளில் பணத்தைக் கேட்டால் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது. அதனால், மற்றவர்கள் ஓடுவார்கள் என்று நினைப்பவருக்குத் தானும் முந்திக்கொண்டு ஓடுவதே புத்திசாலித்தனமாகத் தெரியும். டக்ளஸ் டயமண்ட், பிலிப் டிப்விக் என்ற இரு பொருளியலாளர்கள் 1983-ல் இதைத் தெளிவாக எழுதிக் காட்டினார்கள். 2022-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம்பப்பட்டதாலேயே உண்மையாகிவிடும் இத்தகைய எதிர்பார்ப்பைத் ‘தானே மெய்யாகும் கணிப்பு’ எனலாம். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது ஜப்பானில், ஒசாகா அருகே சென்ரி என்ற புறநகரில், கழிப்பறைத் தாள் தீர்ந்துவிடும் என்ற பேச்சு கிளம்பி, கடை முன்னால் பெண்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நின்றார்கள். ஆலைகளில் உற்பத்தி குறையவில்லை. தாள் மட்டும் கடையில் இல்லை.

நம் தெருக் கதை அதோடு முடிவதில்லை. டப்பா காலியானதைப் பார்த்த அண்ணாச்சி, அடுத்த முறை 50 கிலோவுக்குப் பதில் 150 கிலோ கேட்கிறார். மொத்த வியாபாரிக்கு எல்லாக் கடையிலிருந்தும் இப்படி மும்மடங்கு கேட்பு வர, அவர் ஆலையிடம் அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார். சரக்கு வந்து சேரும்போது வீடுகளில் பருப்பு இருக்கிறது, வாங்க ஆளில்லை. சாட்டையைப் பிடித்திருக்கும் கை லேசாக அசைந்தாலே மறு நுனி பெரிதாகச் சுழலும் அல்லவா? சரக்கு மேலாண்மை படித்தவர்கள் இதைச் ‘சாட்டை விளைவு’ என்கிறார்கள். குழந்தைகளின் டயபர் விற்பனையில் இது முன்பே கண்ணில் பட்டது. குழந்தைகள் எப்போதும்போல ஒரே சீராகத்தான் நனைத்தார்கள். ஆலைக்குப் போன ஆர்டரோ பேயாட்டம் ஆடியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960-கள் தொட்டு மாணவர்களை வைத்து இதை ஒரு விளையாட்டாகவே ஆடிப் பார்க்கிறார்கள். வாடிக்கையாளரின் தேவை ஒரே ஒரு முறை, சிறிதளவே கூடும். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள முடியாத கடைக்காரர், மொத்த வியாபாரி, ஆலைக்காரர் வேடமேற்றவர்கள் முதலில் தட்டுப்பாட்டிலும் பிறகு குவிந்த சரக்கிலும் மூழ்குவார்கள். ஆளை மாற்றினாலும் ஆட்டம் பெரும்பாலும் அப்படியேதான் முடியும். குற்றம் ஆள்களிடம் இல்லை, அவர்கள் நிற்கும் சங்கிலியின் அமைப்பில் இருக்கிறது என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கூடுதலாக ஒரு கிலோ வாங்கிய அண்டை வீட்டுக்காரரைத் திட்டுவதை நான் நிறுத்தியது இதைப் படித்த பிறகுதான்.

இனி அந்தச் சனிக்கிழமைக் காலைக்கு வருவோம். கடை காலியாவது தொல்லை. சில நாளில் சரியாகிவிடும். பெருந்தொற்றுக் காலத்தில் அந்தத் தொல்லைக்குள் வேறொன்று ஒளிந்திருந்தது. நான்கு நாள்களில் பிரிந்து வந்திருக்க வேண்டியவர்கள் ஒரே காலையில் வந்தார்கள்.

கூட்டம் நான்கு மடங்கானால் தொற்று வாய்ப்பும் நான்கு மடங்காகும் என்றுதான் மனம் கணக்குப் போடும். ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். வந்தவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் ஒரு வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். 10 பேர் என்றால் 45 சோடி. 20 பேர் என்றால் 90 அல்ல, 190 சோடி. ஆள் இரட்டித்தால் சந்திப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. கிருமிக்கு வேண்டியது சந்திப்பு. ஆள் எண்ணிக்கை அல்ல. இப்போது ஒரு சந்தைத் தெருவுக்கு நாளொன்றுக்கு 100 பேர் வீதம் நான்கு நாள் வந்தால், நாளுக்கு 4,950 சோடி. நான்கு நாளைக்கு 19,800. அதே 400 பேரும் ஒரே காலையில் வந்தால் 79,800. வாங்கிய காய்கறி அதே அளவு, வந்த மனிதர்கள் அதே மனிதர்கள். சந்திப்பு மட்டும் நான்கு மடங்கு. சந்தையில் எல்லோரும் எல்லோர் பக்கத்திலும் நிற்பதில்லை என்பது சரிதான். ஆனால் தெருவின் அகலம் மாறாதபோது, ஒவ்வொருவரின் அருகிலும் நிற்பவர்கள் நான்கு மடங்காகிறார்கள். கணக்கு அங்கேதான் வந்து நிற்கிறது.

சென்னையின் கோயம்பேட்டுச் சந்தையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1996-ல் திறக்கப்பட்ட அந்த வளாகம் ஏறத்தாழ 295 ஏக்கர். பரப்பைக் கேட்டால் விசாலம். ஆனால் மூட்டை இறங்கும் விடியற்காலையில், கடை வரிசைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் தலைச்சுமையோடு வருபவருக்கு ஒதுங்கி வழிவிடக்கூட இடம் இருக்காது. 25-ஆம் தேதி அங்கே திரண்ட கூட்டத்தின் படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. அடுத்த சில நாள்களில் சந்தை வியாபாரிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் தொற்று இருப்பது தெரிய ஆரம்பித்தது. மே 5-ல் சந்தை மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. வேலை போய் சொந்த ஊருக்குத் திரும்பிய சுமைதூக்கும் தொழிலாளர்கள் வழியாகக் கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று தொற்று பரவியது.

இங்கே கவனமாக இருக்க வேண்டும். ‘25-ஆம் தேதிக் கூட்டம்தான் கோயம்பேட்டுத் தொற்றுக்குக் காரணம்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கிருமி உடலில் நுழைந்து அறிகுறி தெரிய, அன்றைய வகைக்குச் சராசரியாக 5 நாள் ஆனது. ஏப்ரல் கடைசி நாள்களிலேயே கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 25-க்கு முன்பே தொற்று பெற்றிருக்க வேண்டும். அப்படியானால் கிருமி ஏற்கெனவே சந்தைக்குள் இருந்தது. கூட்டம் அதைத் தேடிப் போனது. யார் யாருக்கு எந்த நாளில் கொடுத்தார் என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கிருமி உள்ளே இருந்த ஓரிடத்தில் சந்திப்புகளைப் பல மடங்காக்கினோம் என்பதில் ஐயமில்லை.

நான் அன்று போனேன். கோயம்பேட்டுக்கு இல்லை, வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள சந்தைக்கு. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, முக்கால் மணி நேரம் தோளோடு தோள் உரசி, பை நிறைய வாங்கி வந்தேன். அம்மா எல்லாவற்றையும் மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் முக்கி எடுத்து முற்றத்தில் பரப்பினார். இரண்டு வாரம் உடம்பைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. சரியாகத்தான் முடிவெடுத்தோம் என்று தீர்மானித்துவிட்டேன்.

அந்தத் தீர்மானம் எவ்வளவு பலவீனமானது என்று காட்டியது, அதே ஆண்டு செப்டம்பர் 30-ல் ‘சயன்ஸ்’ இதழ் வெளியிட்ட ஓர் ஆய்வு. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் வீடு வீடாக அலைந்த களப்பணியாளர்கள் சேர்த்த தகவல் அது. தொற்று உறுதியானவரிடம் ‘கடந்த நாள்களில் யார் யாரோடு இருந்தீர்கள்’ என்று கேட்டுப் பட்டியல் போட்டு, அவர்களைத் தேடிப் பரிசோதித்தார்கள். இதைத் ‘தொடர்புத் தடமறிதல்’ என்கிறோம். ரமணன் லக்ஷ்மிநாராயண் தலைமையிலான குழு 84,965 தொற்றாளர்களையும் அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேரையும் ஆராய்ந்தது. உலகில் அதுவரை இவ்வளவு பெரிய அளவில் யாரும் செய்ததில்லை. கிராமச் செவிலியரும் சுகாதார ஆய்வாளரும் முகக்கவசத்துக்குள் வியர்த்தபடி நோட்டில் எழுதிய வரிகள் அவை என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அதில் கண்டது இது: தொற்று பெற்றவர்களில் 71 சதவீதம் பேரிடமிருந்து, தடமறிந்த வரையில், ஒருவருக்கும் பரவவில்லை. 8 சதவீதம் பேர் மட்டும் 60 சதவீதப் புதிய தொற்றுகளுக்குக் காரணம். விடுபட்டுப்போன தொடர்புகள் இருந்திருக்கும், பரிசோதனை தவறவிட்டவர்களும் இருந்திருப்பார்கள். எண்கள் சற்று மாறலாம், வடிவம் மாறாது. மழை ஊர் முழுக்க ஒரே சீராகப் பெய்வதுபோல் இந்த நோய் பரவவில்லை. இடி போல விழுந்தது. ‘பெரும்பரப்பல்’ என்று இதற்குப் பெயர் வைக்கலாம்.

இடி போல விழும் ஆபத்தைப் பற்றி அனுபவம் நமக்குத் தவறான பாடம் சொல்லிக் கொடுக்கும். புளியமரத்தடியில் ஒதுங்கிய ஒவ்வொரு மழையிலும் பிழைத்தவருக்கு அந்த மரம் பாதுகாப்பானது என்றே தோன்றும். ‘நான் போயிட்டு வந்தேன், ஒண்ணும் ஆகலையே’ என்று அந்த ஆண்டு கோடிக்கணக்கானவர்கள் உண்மையாகவே சொல்லியிருக்க முடியும். நானும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அதுவே நடந்ததால் நம்பிக்கை கூடியது. ஆபத்து குறைந்திருக்கவில்லை.

அப்படியானால் அனுபவத்தை நம்பாமல் எதை வைத்து அளப்பது? 1970-களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஹவர்ட் ஓர் அலகைச் சொன்னார். பத்து லட்சத்தில் ஒரு பங்கு சாவதற்கான வாய்ப்பை ஒன்று என்று வைத்துக்கொள்வது. ‘நுண்மரணம்’ என்று நான் தமிழில் சொல்கிறேன். கேட்கக் கொடூரமாக இருந்தாலும் பயன்படும். தங்கத்தைக் குன்றிமணியால் நிறுத்ததுபோல, மிகச் சிறிய ஆபத்துகளை நிறுக்க மிகச் சிறிய எடைக்கல் வேண்டியிருக்கிறது.

அன்றைய கொரோனா தொற்றினால், தடுப்பூசி வருவதற்கு முன், எந்த வயதில் எவ்வளவு பேர் இறந்தார்கள் என்று ஆண்ட்ரூ லெவினும் சக ஆய்வாளர்களும் வளர்ந்த நாடுகளின் தரவுகளைத் தொகுத்தார்கள். 25 வயதில் தொற்று வந்தால் பத்தாயிரத்தில் ஒருவர். 75 வயதில் நூற்றுக்கு 4.6 பேர். அதே கோட்டில் 45 வயதுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 0.12. நுண்மரணத்தில் சொன்னால், தொற்று வந்துவிட்டால் எனக்கு 1,200, அம்மாவுக்கு 46,000. நம் நாட்டு எண்கள் அப்படியே இதே அல்ல என்றாலும், வயதோடு ஆபத்து ஏறியது இங்கும் உண்மை.

அந்தச் சனிக்கிழமை எனக்குத் தொற்று வரும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தப் பயணத்தில் எனக்கு இருந்தது 1.2 நுண்மரணம். பெரிதாகப் பயப்படும் எண் அல்ல. இனி அம்மா. மேலே சொன்ன ‘சயன்ஸ்’ ஆய்வில், வீட்டுக்குள் ஒருவருக்கு வந்தால் உடனிருப்பவருக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 9 என்று கண்டிருந்தார்கள். 46,000-இல் நூற்றுக்கு 9 என்றால் 4,140. அதில் ஆயிரத்தில் ஒன்று, 4.1.

இந்தக் கணக்கை முதல் தடவை போட்டபோது பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சந்தைக்குப் போனது நான். வாசலைத் தாண்டாத அம்மா சுமந்ததோ என்னைவிட மூன்று மடங்குக்கும் மேலான ஆபத்தை. ஆயிரத்தில் ஒன்று என்பது என் ஊகம்தானே என்று கேட்கலாம். அது நூறில் ஒன்றாக இருந்தாலும் லட்சத்தில் ஒன்றாக இருந்தாலும் எங்கள் இருவருக்கும் இடையிலுள்ள விகிதம் அப்படியேதான் இருக்கும். ‘என் உயிர், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று நாம் சொல்லிக்கொண்ட எத்தனையோ முடிவுகளில் பெரும்பங்கு வேறொருவரின் உயிராக இருந்திருக்கிறது.

போகாமல் இருக்கும் வழி எல்லோருக்கும் இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் நான்கு நாள் காய்கறியை வைக்க முடியாது. அன்றன்று கூலி வாங்குபவரால் நான்கு நாளைக்குச் சேர்த்து வாங்கவும் முடியாது. மூட்டை தூக்குபவருக்கு அந்தச் சந்துதான் வேலையிடம். என் கணக்கு, தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தவரின் கணக்கு.

வசதி இருந்தும் கவனத்தைத் தவறான இடத்தில் செலவிட்டோம் என்பது இன்னொரு வருத்தம். மஞ்சள் தண்ணீரில் தக்காளியைக் குளிப்பாட்டிய எங்கள் வீட்டில், யாராவது பேச வந்தால் கொசு வருமென்று சன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். கிருமி பட்ட பொருளை ஒரு முறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. காற்றோ வேறு கதை. 2020 மார்ச் 10-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காகிட் என்ற வட்டாரத்தில், ஒரு பாடகர் குழுவைச் சேர்ந்த 61 பேர் இரண்டரை மணி நேரம் ஓர் அறையில் பாடிப் பழகினார்கள். அவர்களில் 53 பேருக்கு நோய் கண்டது, இருவர் இறந்தார்கள். சாம்பிராணிப் புகையை நினைத்துக்கொண்டால் போதும். சாத்திய பூசையறையில் போட்ட புகை நெடுநேரம் நிற்கும், மூலையில் இருப்பவர் மூக்கிலும் ஏறும். அதையே மொட்டை மாடியில் போட்டால் பக்கத்தில் நிற்பவருக்கே எட்டாது. மூச்சோடும் பேச்சோடும் வெளிவரும் நுண்துளிகள் அப்படி மிதக்கின்றன என்பதை ஏற்கும்படி, 2020 ஜூலையில் 239 அறிவியலாளர்கள் உலக சுகாதார நிறுவனத்துக்குப் பகிரங்கமாக எழுத வேண்டியிருந்தது.

மறு ஆண்டு, இரண்டாம் அலை. கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் ஊசிமருந்துக்கு நின்ற வரிசையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். முதல் நாள் இரவிலிருந்தே சாலையில் படுத்துக் காத்திருந்தார்கள். பலர் வீட்டிலேயே தொற்றாளரோடு இருந்துவிட்டு வந்தவர்கள். நோய் தீவிரமானவர்களின் உயிரை அந்த மருந்து காக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்று கூறி, மருத்துவமனை நோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பர் 20-லேயே அறிவித்திருந்தது. ஆக்சிஜன் தேவைப்படுவோரின் மரணத்தைக் குறைப்பதாக 2020 ஜூனில் பிரிட்டனின் பெரும் சோதனை ஒன்று காட்டிய டெக்சாமெத்தசோன், எந்த மருந்துக்கடையிலும் சொற்ப விலைக்குக் கிடைக்கும் பழைய மருந்து. அதற்கு வரிசை இல்லை. எளிதில் கிடைப்பதாலேயே அது எளிய மருந்தாகத் தோன்றியது. கிடைக்காததாலேயே மற்றது சஞ்சீவியாகிவிட்டது. அந்த வரிசையில் நின்ற ஒருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். மூச்சுக்குத் திணறும் அப்பாவுக்காக மருந்துச்சீட்டோடு நிற்கும் மகளிடம் ஆய்வுக் கட்டுரையையா நீட்டுவது? சீட்டு எழுதியவர்களும், ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் விற்க ஏற்பாடு செய்தவர்களும் யோசித்திருக்க வேண்டிய விஷயம் அது. விற்பனை பிறகு நேரு விளையாட்டரங்குக்கு மாறியது; அங்கும் கூட்டம் தாங்காமல், மே நடுவில் மருந்தை நேரடியாக மருத்துவமனைகளுக்கே கொடுக்க முடிவானது. வரிசை ஒரே நாளில் மறைந்தது.

கூட்டம் சேராமல் கொடுக்க முடியும் என்பது நமக்கு முன்பே தெரிந்திருந்தது. 2020 ஏப்ரலில் ரேஷன் கடைகள் ஆயிரம் ரூபாய் நிவாரணத்தையும் பொருள்களையும் கொடுத்தபோது, நாளும் நேரமும் எழுதிய டோக்கன் வீடு தேடி வந்தது. ‘முந்தினால்தான் கிடைக்கும்’ என்ற அச்சத்தை அந்தத் துண்டுச் சீட்டு போக்கியது. உனக்கென்று ஒரு பங்கு எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவர் ஓடுவதில்லை. வங்கியில் போட்ட பணத்துக்குக் காப்பீடு இருந்தால் வதந்தி எடுபடாதது போலத்தான்.

2021 மே 24-ல் தளர்வற்ற ஊரடங்கு தொடங்கியது. அதற்கு முந்தைய இரண்டு நாளும் கடைகளில் கூட்டம் நெரிந்தது. அந்த முறை நான் போகவில்லை. “வண்டி வருமாம்மா” என்றேன். அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் தோட்டக்கலைத் துறையின் பதாகை கட்டிய சிறிய லாரி ஒன்று ஒலிபெருக்கியோடு தெருவுக்குள் நுழைந்தது. ஐந்தாறு பேர் தள்ளித் தள்ளி நின்றார்கள். அம்மா மாடியிலிருந்து கட்டைப்பையைக் கயிற்றில் கட்டி இறக்கினார். கால் கிலோ பச்சை மிளகாய், ஒரு கிலோ தக்காளி, கத்தரிக்காய். கொத்தமல்லி இருக்கிறதா என்று மேலிருந்து கேட்டார். “நாளைக்கும் வருவோம்மா, நாளைக்குக் கொண்டுவர்றேன்” என்றார் வண்டிக்காரர். அம்மா சரியென்று பையை மேலே இழுத்துக்கொண்டார்.